பிக் பேர் கூட்டின் திறந்த நேரம்: வெண்தலைக் கழுகு ஜோடி ஒன்றின் ஏழு பருவங்கள்

2019 முதல் 2025 வரை ஏழு பருவங்களில் ஜாக்கி என்ற பெண் கழுகு இட்ட முட்டைகள் 19. ஓட்டை உடைத்து உயிரோடு வெளியே வந்த குஞ்சுகள் 6. சிறகு முற்றிப் பறந்து போனவை 4. கலிபோர்னியாவில், பிக் பேர் ஏரிக்கு அருகே, கேமரா வழியாக உலகமே எட்டிப் பார்க்கும் ஒரு கழுகுக் கூட்டின் கணக்கு இது. நாட்டுக்கோழி வளர்க்கிறவரிடம் காட்டினால் "அந்தக் கோழியை மாத்திடுங்க" என்பார்.

ஆண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. இந்த ஜோடி அடைகாப்பதில் சோம்பலானது அல்ல. 2024 பிப்ரவரிப் பனிப்புயலில் ஜாக்கி ஏறக்குறைய 62 மணி நேரம் முட்டையை விட்டு நகரவே இல்லை. அந்த ஆண்டு ஒரு முட்டையும் பொரியவில்லை என்பது வேறு விஷயம். அப்படியானால் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கக் குறிப்பேட்டில் ஓர் எண் இருந்தாக வேண்டும். முட்டையோ குஞ்சோ, மேலே பறவை உட்காராமல் எத்தனை நிமிடம் கிடந்தது, அந்த நேரத்தில் வானம் எப்படி இருந்தது என்பதுதான் அது. இந்த ஆய்வில் அதைத் 'திறந்த நேரம்' என்கிறோம். இந்தக் கூட்டின் தோல்விகளில் சிலவற்றை இந்த ஓர் எண்ணால் விளக்கலாம். விளக்க முடியாதவற்றில், குறை முட்டைக்கு உள்ளேதான் என்று தெரிந்துகொள்ளவும் இதே எண் உதவும்.

இடமும் ஜோடியும்

கூடு இருப்பது சான் பெர்னார்டினோ தேசிய வனத்தில், ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தின் உச்சியில், தரையிலிருந்து ஏறத்தாழ 145 அடி உயரத்தில். ஏரியே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,750 அடியில் கிடக்கிறது. ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வு, கொடைக்கானலோடு ஒப்பிடத்தக்க உயரம். ஆனால் இங்கே ஜனவரியில் பனி கொட்டும், ஏரியின் ஓரங்கள் உறையும். வெண்தலைக் கழுகு அடிப்படையில் மீன் பிடிக்கும் பறவை. ஏரி உறைந்தால் மீனுக்குப் பதில் நாமக்கோழி கூட்டுக்கு வரும்.

2015இலிருந்து 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற அமைப்பு இங்கே கேமரா வைத்திருக்கிறது. ஒன்று கூட்டுக்குள் பார்ப்பது, இன்னொன்று சற்றுத் தள்ளியிருந்து மரத்தையும் ஏரியையும் காட்டுவது. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வருகிறது. இரவில் பறவையின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. தொடர்ந்து மேகம் மூடினாலோ தகட்டின் மேல் பனி படிந்தாலோ படம் நின்றுபோகக்கூடும். புயல் நாளில்தான் படம் மிகவும் தேவை, புயல் நாளில்தான் அது கைவிடும்.

ஜாக்கி 2012இல் அதே பள்ளத்தாக்கில் பொரிந்ததாகக் கருதப்படும் பெண். 2018இல் ஷேடோ என்ற ஆண் வந்து, முன்பிருந்த ஆணை விரட்டிவிட்டு ஜாக்கியோடு சேர்ந்துகொண்டது. மேலே சொன்ன ஏழு பருவங்களும் இவ்விரண்டின் பருவங்கள்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதை 'மொட்டைக் கழுகு' என்று எழுதுவோர் உண்டு. தலை மொட்டை இல்லை. பஞ்சுபோல வெள்ளை இறகு நிறைந்த தலை. ஆங்கிலப் பெயரில் உள்ள சொல்லுக்குப் பழைய பொருள் வெண்மை படிந்தது என்பது. வெண்தலைக் கழுகு என்பதே சரி. தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் பாம்பையும் மீனையும் தூக்கிப்போகும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் இதற்கு நெருங்கிய உறவுதான். அதனால் இங்கே சொல்லும் குறிப்பெடுக்கும் முறை அந்தக் கூட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எது ஜாக்கி, எது ஷேடோ

இரண்டுக்கும் நிறம் ஒன்றே. கொன்றுண்ணிப் பறவைகளில் வழக்கம்போலப் பெண்தான் பெரியது, ஏறத்தாழ கால் பங்கு கூடுதல். இரண்டும் கூட்டில் சேர்ந்து நிற்கும்போது சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஒன்று மட்டும் அடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் குழப்பம். அப்போது அலகைப் பாருங்கள்: பெண்ணுக்கு அலகு தடிப்பு, வாய்க்கோடு கண்ணுக்குக் கீழே நன்றாகப் பின்னால் ஓடும். பின்விரல் நகமும் பெரிது. குரலில் பெண்ணுடையது கனமாக, ஆணுடையது கீச்சென்று மேல் தொனியில் இருக்கும். சினிமாவில் கழுகு வந்தால் கேட்கும் கம்பீரமான நீண்ட கூவல் வழக்கமாகச் செவ்வால் பருந்தின் குரல். உண்மையான கழுகின் குரல் அந்த உருவத்துக்குச் சிறிதும் ஒட்டாத சிணுங்கல். தெளிவாகத் தெரியாதபோது குறிப்பேட்டில் 'முதிர்பறவை' என்று மட்டும் எழுத வேண்டும். ஊகித்து எழுதிய பெயர் ஒன்று புகுந்தால் எது எப்போது அடை மாறியது என்ற அன்றைய கணக்கு முழுவதும் கெடும்.

குறிப்பேடு

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவருக்கு முதல் தொல்லை நேரம். குளிர்காலத்தில் கலிபோர்னியா நமக்கு 13½ மணி பின்னால். அங்கே காலை 6.45க்கு விடியும்போது இங்கே இரவு 8.15. அங்கே மாலை 5 மணிக்கு இருட்டும்போது இங்கே மறுநாள் காலை 6.30. அவர்களின் முழுப் பகலும் நம் இரவுக்குள் அடங்கிவிடும், ஆகவே ஒருவரால் முடியாது. மூன்று நான்கு பேர் முறை வைத்துப் பார்ப்பதே நடைமுறை. யூடியூப் நேரலையில் பொதுவாக 12 மணி நேரம் வரை பின்னோக்கி ஓட்டலாம் என்பதால் காலையில் எழுந்து இரவைச் சரிபார்க்கவும் வழி உண்டு.

மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்படும், வித்தியாசம் 12½ ஆகும். 2025இல் அது மார்ச் 9. மூன்றாம் குஞ்சு வெளிவந்த மறுநாள். குஞ்சுகளின் வயதை மணிக்கணக்கில் எழுதியவர்களின் தாள்களில் ஒரு மணி நேரம் காணாமல் போவது இப்படித்தான். கேமராத் திரையில் ஓடும் நேரத்தை அப்படியே எழுதி, பக்கத்தின் தலையில் எந்தக் கணக்கு என்று ஒருமுறை குறித்துவிட்டால் போதும். இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதவே கூடாது.

ஒரு வரி இந்த வடிவில் இருக்கலாம்: 'ஷேடோ எழுந்தது 7.42, ஜாக்கி அமர்ந்தது 7.46, திறப்பு 4, காவல் உண்டு, பனித்தூறல், காற்று.' இதில் 'காவல்' என்ற சொல்தான் முக்கியம். முட்டை திறந்திருக்கும்போது ஒரு பறவை கூட்டு விளிம்பிலாவது நின்றால் அது காவலுள்ள திறப்பு. குளிர் மட்டுமே ஆபத்து. இரண்டும் மரத்தை விட்டே போயிருந்தால் காவலற்ற திறப்பு; குளிரோடு அண்டங்காக்கையும் சேரும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் எந்த முட்டை எதனால் போயிற்று என்று பிறகு பிரிக்க வழி இல்லை. பறவை எழுந்து முட்டையைப் புரட்டிவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் அமர்ந்தால் அதைத் திறப்பில் சேர்க்காமல் 'புரட்டல்' என்று தனியே எழுதலாம். பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை புரட்டும். அப்படி எழுந்து நடக்கும்போது கால்விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொண்டு நடப்பதைக் கவனியுங்கள். நகம் ஓட்டில் படாமல் இருக்க.

2025 ஈடு: தேதிகள் சொல்லும் செய்தி

ஈடு என்பது ஒரே தொடரில் இடும் முட்டைகள். முதல் முட்டை ஜனவரி 22, இரண்டாவது 25, மூன்றாவது 28. கழுகுக்கு மூன்று நாள் இடைவெளி வழக்கமானதே. பொரிப்பு: மார்ச் 3 இரவு, மார்ச் 4, மார்ச் 8. கழித்துப் பார்த்தால் முதல் முட்டைக்கு 40 நாள், இரண்டாவதற்கு 38, மூன்றாவதற்கு 39. இந்த இனத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 35 நாளைவிட மூன்றும் நீளம். குளிர் மலைமேல் இது வியப்பில்லை. நாட்காட்டியில் 35ஐ வட்டமிட்டுக் காத்திருந்து, 36ஆம் நாள் கூமுட்டை என்று தீர்ப்புச் சொல்வதுதான் வியப்பு.

முதல் முட்டை மற்றவற்றைவிடத் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. முதல் முட்டை வந்ததும் ஜோடி முழு அடையைத் தொடங்குவதில்லை. உறையாத அளவுக்கு மேலே உட்காரும், அவ்வப்போது விட்டுப் போகும். இரண்டாவது வந்தபின்தான் அடை இறுகும். இதனால் முதல் கரு சற்று மெதுவாக வளர்ந்து, பொரிப்புகள் நெருங்கி வரும். மூன்று நாள் இடைவெளியில் இட்ட முதல் இரண்டு முட்டைகளும் மார்ச் 3 இரவுக்கும் 4க்கும் இடையே பொரிந்தது இதன் பலன்தான். மூன்றாவது முட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. அது இடப்பட்டபோது அடை முழு வீச்சில் இருந்தது, எனவே நான்கு நாள் பின்தங்கியே பொரிந்தது. கழுகுக் குஞ்சுகளுக்கிடையே நான்கு நாள் என்பது பெரிய வித்தியாசம்.

முட்டையிடும் தருணத்தை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ஜாக்கி இறகைச் சிலிர்த்து, முதுகைக் கூனி, வால் அடியில் துடிப்பு தெரிய நிற்பது சில நிமிடம்தான். முட்டை நமக்குத் தெரிவது அது எழுந்து நகரும்போது, சில வேளை வெகுநேரம் கழித்து. துடிப்பு தெரிந்த நேரம், முட்டை கண்ணில் பட்ட நேரம் இரண்டையும் எழுத வேண்டும்.

தோற்ற ஆண்டுகள்

2021 ஜனவரியில் இட்ட மூன்று முட்டைகள் கொண்ட ஈடு தொடக்கத்திலேயே போயிற்று. அண்டங்காக்கைகள் கூட்டுக்குள் புகுந்து தின்றன. முழு அடை இறுகாத அந்த முதல் நாட்கள்தான் காவலற்ற திறப்பு அதிகமாக இருக்கும் காலம். குஞ்சுகளை நெருக்கமாகப் பொரிக்க உதவும் அதே பழக்கம் காக்கைக்குக் கதவையும் திறந்து வைக்கிறது. இதில் கழுகைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மற்றக் கூடுகளில் இந்தப் பழக்கம் பெரும்பாலும் லாபக் கணக்குதான்.

ஈடு சீக்கிரமே பறிபோனதில் ஒரு நன்மை: பெண்ணின் உடல் திரும்ப ஈடுக்குத் தயாராக ஏறத்தாழ ஒரு மாதம் போதும். பிப்ரவரியில் ஜாக்கி இரண்டு முட்டை இட்டது. ஒன்று பொரியவில்லை. மற்றதில் குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கி, முழுதாக வெளிவராமலே இறந்தது. ஓடு உடைக்கும் அந்த ஒன்றிரண்டு நாள் முழு அடைகாலத்திலும் அபாயமானது. குஞ்சு முதலில் முட்டையின் காற்றறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சிழுக்கும், பிறகு மேலலகின் நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டில் புள்ளி குத்தும், நெடுநேரம் ஓய்வெடுக்கும், மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், அப்புறம்தான் சுழன்று ஓட்டை வெட்டும். உள்சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டாலோ, குஞ்சு தலைமாறிக் கிடந்தாலோ வலு தீர்ந்துபோகும்.

2020இல் இரண்டு, 2023இல் இரண்டு, 2024இல் மூன்று முட்டைகள். இவற்றில் ஒன்றுகூடப் பொரியவில்லை. நாட்கள் கடந்தும் ஜோடி விடாமல் உட்கார்ந்தது. பார்ப்பவருக்கு மனம் இளகும் காட்சி; இனப்பெருக்கக் கணக்கில் அது நஷ்டம். கூமுட்டையின் மேல் ஏப்ரல் வரை உட்கார்ந்தால் மறு ஈட்டுக்கான காலம் கடந்துவிடும். 2021இல் காக்கை தின்றதால் இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது, 2024இல் ஒன்றும் தின்னாததால் கிடைக்கவில்லை.

2024க்குத் திறந்த நேரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. புயலிலேயே திறப்பு ஏறக்குறைய சுழியம். அப்போது சந்தேகம் முட்டைக்குள் திரும்புகிறது: விந்து சேராத முட்டையா, தொடக்கத்திலேயே நின்றுபோன கருவா. கேமரா இதைக் காட்டாது. முட்டையை உடைத்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். உயரத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஏழாயிரம் அடியில் காற்றழுத்தம் குறைவு; ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீராவி விரைவாக வெளியேறும், உள்ளே வரும் ஆக்சிஜனும் குறைவு. ஆனால் அதே உயரத்தில், அதே ஜோடியிடம், 2025இல் மூன்றுக்கு மூன்றும் பொரிந்திருக்கின்றன. எனவே உயரத்தை ஒற்றைக் காரணமாகப் பிடித்துக்கொள்வது அவசரம்.

கூமுட்டை என்றதும் டி.டி.டி. என்று சொல்லும் பழக்கமும் உண்டு. அந்தப் பூச்சிக்கொல்லியின் எச்சம் பறவையின் உடலில் சேர்ந்து, ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேர்வதைக் கெடுத்தது. மெல்லிய ஓடுகள் அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கின. 1963இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 அமெரிக்க மாநிலங்களில் கண்டறியப்பட்ட ஜோடிகள் 417தான். 1972இல் தடை வந்தது. 2018–19 கணக்கெடுப்பின் மதிப்பீட்டில் 71,400 கூடுகட்டும் ஜோடிகள். 2024 முட்டைகளோ ஜாக்கியின் எடையைப் பல வாரம் தாங்கி முழுதாகக் கிடந்தன. அடையாளம் வேறு, நோயும் வேறு.

கீறல் முதல் பத்தாம் நாள் வரை

பொரிப்புக் காலத்தில் பார்வையாளர் செய்யும் தவறுகளில் முதலிடம் பொய்க் கீறலுக்கு. புல் துணுக்கு, இறகின் நிழல், எச்சத்தின் கறை எல்லாமே ஆசையோடு பார்ப்பவருக்கு ஓட்டையாகத் தெரியும். முட்டை புரட்டப்பட்ட பிறகு, வேறு வெளிச்சத்தில், ஓட்டின் அதே இடத்தில் மறுபடி தெரிந்தால்தான் கீறல். விளிம்பு வெளிநோக்கித் தூக்கியிருக்க வேண்டும், ஏனெனில் குஞ்சு உள்ளிருந்து குத்துகிறது. உள்நோக்கி அமுங்கிய குழி என்றால் வெளியிலிருந்து வந்த அடி.

வெளிவந்த குஞ்சு சுமார் 100 கிராம் இருக்கும், ஈரமான வெளிர்சாம்பல் தூவியோடு. முதல் நாள் தின்னாவிட்டால் பதற வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. தலை நிற்காமல் ஆடுவதால் தாய் நீட்டும் துணுக்கைத் தவறவிட்டு உடன்பிறப்பின் மண்டையைக் கவ்வும். எத்தனை வாய் தின்றது என்று எண்ணுவதைவிட, ஊட்டல் முடிந்தபின் தொண்டைப் பை புடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு குஞ்சுக்கும் எழுதுவது பயனுள்ளது. எண்ணிக்கையில் ஆளுக்கு ஆள் வேறுபடுவார்கள். புடைத்த பையில் வேறுபாடு வராது.

பெரியது சிறியதைக் கொத்தும். தொடக்க வாரங்களில் இது கழுகுக் கூட்டில் தினசரி நடப்பு. சிறியது தலையைத் தாழ்த்தி முதுகைக் காட்டிக் கிடக்கும், பெரியது தின்று முடித்துத் தூங்கியதும் எழுந்து தன் பங்கைக் கேட்கும். கூட்டில் மீன் மிச்சம் கிடக்கும்வரை இது பெரும்பாலும் காயமில்லாமல் கழிந்துவிடும். கவலைக்குரிய அடையாளம் கொத்தல் அல்ல; ஒரு பகலில் இரண்டு மூன்று ஊட்டல்கள் கடந்தும் சிறியதின் தொண்டைப் பை சப்பையாகவே இருப்பது.

மார்ச் 13 புயல்

2025 மார்ச் 13 அன்று மூன்று குஞ்சுகளின் வயது சுமார் 10, 9, 5 நாள். பலத்த காற்றோடு பனி கொட்டியது. மறுநாள் ஊட்டல் நேரத்தில் தெரிந்தவை இரண்டு தலைகள் மட்டும். இறந்த குஞ்சுக்குப் பிறகு மிஸ்டி என்று பெயர் வைத்தார்கள்.

ஜாக்கி விட்டுப்போகவில்லை, திறந்த நேரம் மிகக் குறைவு. பிறகு ஏன்? முதல் தூவி மெல்லியது, வெப்பத்தைப் பிடித்து வைக்காது. அதன் மேல் வரும் அடர்ந்த கருஞ்சாம்பல் தூவி பத்து நாள் வாக்கில்தான் முளைக்கத் தொடங்கும், மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் போர்வையாகும். அதுவரை குஞ்சின் உடல் வெப்பம் தாயின் வெப்பம்தான். ஒரு குஞ்சானால் தாயின் மார்புக்குக் கீழே வசதியாக அடங்கும். மூன்று, அதிலும் பத்து நாளில் பலமடங்கு பருத்த இரண்டோடு ஒன்று என்றால், ஒன்று நெளியும்போது இன்னொன்று விளிம்புக்குத் தள்ளப்படும். அந்த விளிம்பில் உருகிய பனியால் நனைந்த புல். தாய்க்கு அடியில் நடப்பதைக் கேமரா காட்டாது. ஆனால் குளிரும் ஈரமும் தவிர வேறு காரணம் தேடத் தூண்டும் எதுவும் அந்த இரவின் படத்தில் இல்லை.

குறிப்பெடுப்பவருக்கு ஒரு விதி: தாயின் கீழ் உள்ள குஞ்சுகளை எண்ணாதீர்கள், தலை நிமிர்ந்து தின்பவற்றை மட்டும் எண்ணுங்கள். பஞ்சுருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்போது இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் தெரியும். ஒரு தலை குறைந்தாலும் இரண்டு ஊட்டல்களில் உறுதியாகும் வரை 'காணவில்லை' என்று மட்டும் எழுத வேண்டும், 'இறந்தது' என்று அல்ல.

இந்த மரணத்தோடு 2019ஐ வைத்துப் பார்க்காவிட்டால் பாதிதான் விளங்கும். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில், எதிர்பாராத குளிர்மழையில், குக்கி என்ற குஞ்சு இறந்தது. வயது ஏறத்தாழ ஆறு வாரம். உடன்பிறந்த சிம்பா பிழைத்துப் பறந்தது. ஆறு வாரக் குஞ்சுக்கு அடர்ந்த தூவி உண்டு; வறண்ட குளிர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் தூவி நீரை ஒட்டவிடும், பஞ்சுபோல உறிஞ்சும். நீரை வழியவிடும் மேலிறகுகள் அப்போதுதான் உறைகளிலிருந்து பாதி வெளிவந்திருக்கும். உடலோ தாயின் அடியில் நுழைய முடியாத அளவு பெரிது. தாய் இறக்கையை விரித்துக் குடைபிடித்தாலும் பாதி வெளியே நிற்கும்.

அதாவது இந்தக் கூட்டில் வானிலை இரண்டு முறை குஞ்சைச் சோதிக்கிறது. முதல் மூன்று வாரம் குளிர், ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை ஈரம். நடுவில் ஒரு நிம்மதி இடைவெளி. மூன்று வாரம் தாண்டியதும் 'இனிப் பயமில்லை' என்று பதிவைத் தளர்த்துகிறவர்கள் இரண்டாம் சோதனையைத் தவறவிடுகிறார்கள். ஆறாம் வாரத்தில் திறந்த நேரம் என்பதற்கே பொருள் மாறிவிடும். அப்போது எழுத வேண்டியது தாய் உட்கார்ந்ததா என்பதல்ல. எத்தனை நேரம் மழை பெய்தது, குஞ்சின் முதுகு நனைந்து தூவி திரிதிரியாக ஒட்டியதா, மீண்டும் உலர எவ்வளவு நேரம் ஆயிற்று.

மீதி வாரங்கள்

சன்னி, கிஸ்மோ என்று உள்ளூர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த பெயர்களோடு மற்ற இரண்டும் வளர்ந்தன. வளர்ச்சி உச்சத்தில் நாளுக்கு 100 கிராம் அளவில் எடை கூடும். நான்காம் வாரம் கரிய ஈர்க்கு இறகுகள், அதன்பின் காலில் எழுந்து நிற்பது, ஆறாம் வாரம் வாக்கில் தானே கிழித்துத் தின்பது, பத்தாம் வாரத்தை ஒட்டிக் கிளைக்கு ஏறுவது. இந்த வரிசையில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எச்சத்தை மட்டும் கவனிக்கலாம்: கண் திறந்து சில நாளிலேயே குஞ்சு பின்னோக்கி நகர்ந்து, வாலைத் தூக்கி, கூட்டு விளிம்பைத் தாண்டிப் பீச்சும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கேமராக் கண்ணாடியில் வந்து விழும் நாட்களும் உண்டு. பருவம் முடியும் வரை துடைக்க ஆள் ஏற முடியாது.

இரவில் கூட்டின் அடுக்குக் குச்சிகளுக்கிடையே சான் பெர்னார்டினோ பறக்கும் அணில் வந்து போகும். தூங்கும் கழுகின் தோளருகே வந்து, அது திடுக்கிட்டு எழுந்ததும் மறையும். பதிவில் அணில் வந்த நேரத்தையும் எழுதுவது நல்லது. பறவை இரவில் காரணமின்றி எழுந்ததாகத் தோன்றும் பல திறப்புகளுக்கு விடை அதுதான்.

பத்து வாரத்துக்குப் பின் குஞ்சு பெற்றோரைவிடப் பெரிதாகத் தெரியும். கண்மாயம் அல்ல, முதல் ஆண்டு இறக்கையிறகும் வாலிறகும் முதிர்பறவையுடையதைவிட நீளம். உடல் முழுக்கக் கரும்பழுப்பு, அலகும் கறுப்பு. வெள்ளைத் தலைக்கு நான்கைந்து ஆண்டு ஆகும். இதைத் தெரியாதவர்கள் 'வேற்றுப் பறவை கூட்டில் புகுந்தது' என்று எழுதிவைப்பார்கள்.

எது பறப்பு என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளுங்கள். கூட்டிலிருந்து கிளைக்குத் தாவுவது பறப்பு அல்ல, காற்றில் மேலெழுந்து கூட்டிலேயே இறங்குவதும் அல்ல. கூட்டுமரத்தை விட்டு நீங்கினால்தான் பறப்பு. 2022இன் ஒற்றைக் குஞ்சு ஸ்பிரிட் மார்ச் 3 பொரிந்து மே 31 பறந்தது: 89 நாள். 2025இல் சன்னி ஜூன் 2, கிஸ்மோ ஜூன் 7: ஏறக்குறைய 13 வாரம். ஐந்து நாள் முந்திப் பறந்ததை ஆற்றல் என்று எழுதுவதும் பிந்தியதைப் பயம் என்று எழுதுவதும் குறிப்பேட்டுக்கு உரிய வேலை அல்ல. தவறிக் கிளையிலிருந்து நழுவி விழுந்தே முதல் பறப்பு நடப்பதும் உண்டு. எனவே 'தானே கிளம்பியதா, நழுவியதா' என்று ஒரு கட்டம் வைத்திருக்க வேண்டும்.

ஏறி உதவலாமே என்ற கேள்வி

ஒவ்வொரு புயலிலும் இது எழும். முட்டையோ சிறு குஞ்சோ இருக்கும்போது ஆள் ஏறினால் தாய் எழுந்து பறக்கும். ஏறி இறங்கும் முழு நேரமும் காவலற்ற திறப்பு, அதுவும் புயலில். எட்டு வாரம் தாண்டிய குஞ்சானால் மிரண்டு, பறக்கத் தெரியுமுன்பே குதித்துவிடும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: கழுகைத் தொந்தரவு செய்வதே 1940ஆம் ஆண்டுக் கழுகுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கூடுகட்டும் பருவத்தில் வனத்துறை அந்த மரத்தைச் சுற்றிய பகுதியையே மூடிவிடுகிறது. கேமராவைப் பழுதுபார்ப்பதும் பருவத்துக்கு வெளியேதான்.

கேமரா இல்லாத வேறு கூட்டைத் தரையிலிருந்து பார்ப்பவருக்கு அமெரிக்க வழிகாட்டு நெறி 330 அடி, சுமார் 100 மீட்டர். கூடு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதைவிட நெருங்கக் கூடாது. 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, முக்காலி, வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி ஓரிடம். அடையில் உள்ள பறவை உங்களையே நிலைத்துப் பார்த்தால், கத்தத் தொடங்கினால், அரையாக எழுந்தால், நீங்கள் தாமதமாகிவிட்டீர்கள், அப்படியே பின்வாங்குங்கள். உங்களால் எழுந்த நிமிடங்களையும் திறந்த நேரத்தில் எழுதி, பக்கத்தில் 'பார்வையாளர்' என்று குறியுங்கள்.

பறந்த பின்னும் சில வாரம் குஞ்சுகள் இரைக்காகக் கூட்டுக்குத் திரும்பும். சன்னியும் கிஸ்மோவும் அப்படித்தான் வந்து போயின. பெற்றோர் மீனைக் கூட்டில் போட்டுவிட்டு நிற்காமல் போவது அதிகரிக்கும். கடைசி வருகை எது என்று அன்று தெரியாது. இரண்டு வாரம் இடைவெளி விழுந்த பிறகு பின்னோக்கிப் பார்த்துத்தான் அந்தத் தேதியை வட்டமிட முடியும். இலையுதிர் காலத்தில் ஜாக்கியும் ஷேடோவும் குச்சி கொண்டுவரத் தொடங்கும் முதல் நாளிலிருந்து புதுப் பக்கம்.